முப்பது என்னும் கணக்கு: பெர்லின் வானில் ஒரு குளிர்காலம் (அத்தியாயம் 9)

1943ஆம் ஆண்டின் கோடைக்குள் ரூர் தொழிற்பகுதியையும் ஹாம்பர்க் நகரையும் தாக்கி முடித்திருந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படை, அவ்வாண்டுக் குளிர்காலத்துக்கு உரிய இலக்காகப் பெர்லினை எடுத்துக்கொண்டது. படையின் தலைமைத் தளபதி ஆர்தர் ஹாரிஸ் நவம்பர் 3 அன்று பிரதமர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்க விமானப் படையும் உடன் வருமானால் பெர்லினை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தகர்த்துவிடலாம் என்றும், இரு படைகளுக்கும் சேர்த்து 400 முதல் 500 விமானங்கள்வரை அதற்கு விலையாகும் என்றும், ஜெர்மனி கொடுக்கும் விலை போரில் தோல்வியாகவே இருக்கும் என்றும் உறுதி கூறினார். டிசம்பர் 7 அன்று அவர் எழுதிய மற்றொரு கடிதம் இதைவிடத் திட்டவட்டமானது; லங்காஸ்டர் விமானங்களைக் கொண்டு மட்டுமே, 1944 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள், சரணடைவதைத் தவிர வேறு வழியற்ற அழிவுநிலைக்கு ஜெர்மனியைக் கொண்டுவந்துவிட முடியும் என்று அது கணக்கிட்டது. இந்த அத்தியாயம் முழுவதிலும் அந்தத் தேதியை மறவாமல் வைத்துக்கொள்வது பயன் தரும்.

அமெரிக்கர்கள் உடன் வரும் நிலையில் இல்லை. பகலில் பறந்த அவர்களுடைய படை, அக்டோபர் 14 அன்று ஷ்வைன்ஃபுர்ட் நகரத் தாக்குதலில் 60 விமானங்களை ஒரே நாளில் இழந்திருந்தது. தொலைதூரம்வரை துணைவரக்கூடிய போர் விமானங்கள் போதிய எண்ணிக்கையில் வந்துசேரும்வரை பெர்லினை அணுகுவது அவர்களுக்கு இயலாத காரியம். ஆகவே நவம்பர் 18 இரவு தொடங்கி 1944 மார்ச் 24 இரவுவரை பெர்லின்மீது நடந்த 16 பெருந்தாக்குதல்களின் சுமையையும் பிரிட்டிஷ் படை தனியே தாங்க நேர்ந்தது.

பெர்லினைத் தாக்குவதில் இருந்த இடர்ப்பாடுகளை, அப்படையின் வழிகாட்டும் முறைகளோடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும். குண்டு வீசியதாகத் திரும்பிவந்து கூறிய விமானங்களுள் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தொலைவுக்குள் வந்திருந்தது என்பதை, 1941 ஆகஸ்டில் புகைப்படங்களை ஆராய்ந்து எழுதப்பட்ட பட் அறிக்கை நிறுவியதை முன்னரே கண்டோம். தனி ஆலைகளையும் ரயில் சந்திப்புகளையும் விட்டு நகரப் பரப்பையே இலக்காகக் கொள்ளும் கொள்கை 1942 பிப்ரவரியில் உறுதிப்பட்டதற்கும், முன்னே சென்று வண்ண ஒளிக்குண்டுகளால் இலக்கைக் குறித்துக் காட்டும் 'பாத்ஃபைண்டர்' என்னும் முன்னோடிப் படை அவ்வாண்டு ஆகஸ்டில் அமைந்ததற்கும் அந்த அறிக்கையே பின்புலம். இங்கிலாந்தில் உள்ள இரு நிலையங்களின் வானொலி அலைகளைக் கொண்டு இலக்கை மிகத் துல்லியமாகக் காட்டிய 'ஓபோ' என்னும் கருவி, பூமியின் வளைவு காரணமாக ரூர் பகுதிவரைதான் பயன்பட்டது. பெர்லின் அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. எஞ்சியது விமானத்தின் அடிவயிற்றில் பொருத்தப்பட்ட 'எச்டூஎஸ்' என்ற ரேடார். நீரும் நிலமும் சந்திக்கும் விளிம்பை அது தெளிவாகக் காட்டும் என்பதால் எல்பே ஆற்றங்கரையில் இருந்த ஹாம்பர்க்குக்கு அது ஏற்றதாக இருந்தது. பெர்லினோ அதன் திரையில் எல்லை தெரியாத ஒளித்திட்டாகப் பரந்து கிடந்தது. நகரின் அகன்ற தெருக்களும் பூங்காக்களும் கல்லாலும் செங்கல்லாலும் எழுந்த குடியிருப்புகளும் தீ ஒன்றோடொன்று கூடிப் பெருகுவதைத் தடுத்தன; ஹாம்பர்க்கில் மூண்டது போன்ற தீப்புயல் இங்கே ஒருபோதும் மூளவில்லை.

இந்தப் படையில் பறந்தவர் அனைவரும் தாமாக முன்வந்தவர்கள். வானில் பறக்குமாறு எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. பெரும்பாலோர் இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பிரிட்டனைத் தவிர கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து, நார்வே, மேற்கிந்தியத் தீவுகள் முதலிய நாடுகளிலிருந்தும் அவர்கள் வந்திருந்தனர். 1943 ஜனவரி முதல் கனடியர்களுக்கென்றே 6ஆம் குரூப் என்ற தனிப் பிரிவு இயங்கியது. தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. போர் நிதி திரட்டி அளித்த காலனி நாடுகளைச் சிறப்பிக்கும் பொருட்டுச் சில ஸ்குவாட்ரன்களுக்கு, அதாவது விமான அணிகளுக்கு, அந்நாடுகளின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. முன்னோடிப் படையைச் சேர்ந்த 35ஆம் ஸ்குவாட்ரன் மதராஸ் மாகாணத்தின் பெயரையும், யார்க்‌ஷயரின் பாக்லிங்டன் தளத்தில் இருந்த 102ஆம் ஸ்குவாட்ரன் இலங்கையின் பெயரையும், 97ஆம் ஸ்குவாட்ரன் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் பெயரையும் தாங்கியிருந்தன. மதராஸ் மாகாணத்து மக்கள் கொடுத்த பணத்தின் நினைவு இப்படிப் பெர்லினின் இரவு வானத்தில் பறந்தது. கொடுத்தவர்களுள் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

லங்காஸ்டர் நான்கு என்ஜின்களும் ஏழு பேர் கொண்ட குழுவும் உடைய விமானம். விமானி, என்ஜின்களையும் எரிபொருளையும் கவனிக்கும் ஃபிளைட் இன்ஜினியர், திசையும் நேரமும் கணிக்கும் நேவிகேட்டர், குண்டு வீசுபவர், வயர்லெஸ் இயக்குபவர், முதுகுப்புறச் சுழல்கூண்டிலும் வால்புறச் சுழல்கூண்டிலும் அமரும் இரு துப்பாக்கி வீரர்கள் ஆகியோரே அந்த ஏழு பேர். வால்புறக் கூண்டில் இருந்தவர் பெர்லினுக்குப் போய்த் திரும்பும் ஏழெட்டு மணி நேரமும் மற்ற ஆறு பேரிடமிருந்து பிரிந்து, உறைபனிக்கும் பல பாகை கீழான குளிரில், மின்சாரத்தால் சூடேறும் உடையை நம்பித் தனியே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் குழுக்களை அமைத்த முறை, ராணுவ வழக்கங்களோடு ஒப்பிடும்போது வியப்பூட்டுவது: பயிற்சி நிலையத்தின் பெரிய கூடம் ஒன்றில் வெவ்வேறு தொழிலினரை ஒன்றாக விட்டு, தமக்குள் பேசிப் பழகித் தாமே குழு சேர்ந்துகொள்ளுமாறு சொல்லிவிடுவார்கள். காலையில் முகம் அறியாதவர்களாக இருந்தவர்கள் மாலைக்குள் ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைத்துக்கொண்டார்கள். அந்தப் பிணைப்பைப் படையின் வேறு எந்த ஏற்பாட்டாலும் உண்டாக்கியிருக்க முடியாது.

அவர்களுடைய நாள்களை ஆண்டது ஓர் எண். 30 தாக்குதல் பயணங்களை முடித்தவருக்கு 'டூர்' என்னும் ஒரு பணிச்சுற்று நிறைவுறும். அதன்பின் குறைந்தது ஆறு மாதங்கள் பயிற்சி நிலையங்களில் ஓய்வுப் பணி கிடைக்கும். பிறகு 20 பயணங்கள் கொண்ட இரண்டாம் சுற்றுக்கு அழைக்கப்படலாம். ஒவ்வொரு பயணத்திலும் நூற்றுக்கு ஐந்து விமானங்கள் திரும்பாமல் போகின்றன என்று கொண்டால், முதல் சுற்றைத் தொடங்கும் நூறு பேரில் அதை முடிப்பவர் ஏறத்தாழ 21 பேர்; இழப்பு ஆறு விழுக்காடானால் அந்த எண்ணிக்கை 16 ஆகிவிடும். தலைமையகத்துக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வேறுபாடு அட்டவணையின் ஒரு கட்டத்தில் அடங்கிவிடுவது. விமானத் தளத்தின் உணவுக்கூடத்தில் அது எந்தெந்த முகங்கள் என்பதாகவே இருந்தது. விமானம் திரும்பாத மறுநாள், 'சரிசெய்யும் குழு' என்ற பெயர்கொண்ட அலுவலர்கள் வந்து, காணாமற்போனவர்களின் உடைமைகளைத் திரட்டிப் பட்டியலிட்டு, குடும்பத்தாருக்கு அனுப்பப் பிரித்துவைப்பர். அந்தக் கட்டிலுக்கு அன்று மாலையே புதியவர் ஒருவர் வந்துவிடுவதும் உண்டு.

நவம்பர் 22 இரவு நடந்ததே பெர்லின்மீது அந்தக் குளிர்காலத்தில் நடந்த தாக்குதல்களுள் மிகக் கொடியது. 764 விமானங்கள் மேகமூட்டத்துக்கு மேலிருந்து வீசிய குண்டுகள் நகரின் மையத்திலும் மேற்குப் பகுதியிலும் விழுந்தன. ஏறத்தாழ 2,000 பேர் மாண்டனர். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயம் எரிந்து, இன்றும் நிற்கும் உடைந்த கோபுரமாக எஞ்சியது. பிரிட்டிஷ் தரப்பில் அந்த இரவோடு, உயரப் பறக்க இயலாத ஸ்டெர்லிங் வகை விமானங்கள் ஜெர்மனிக்கான பயணங்களிலிருந்து விலக்கப்பட்டன.

டிசம்பர் 2 இரவு படையுடன் பறந்த போர்ச் செய்தியாளர்களுள் அமெரிக்க வானொலியின் எட்வர்ட் மர்ரோ பிழைத்து வந்து, தான் கண்டதை ஒலிபரப்பில் விவரித்தார். நார்வேயின் கவிஞர் நோர்டால் கிரிக்கும் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நார்மன் ஸ்டாக்டனும் திரும்பவில்லை. மற்றோர் அமெரிக்கர் லோவெல் பென்னட் சிறைப்பட்டார். வானில் ஒரே ஓர் இரவைக் கழிக்கச் சென்ற இச்சிறு கூட்டத்துக்கு நேர்ந்த கதி, அதே வானில் முப்பது இரவுகளைக் கழிக்கக் கடமைப்பட்டவர்களின் நிலையை வெளியுலகுக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

டிசம்பர் 16 இரவின் இழப்பு எதிரியால் மட்டும் நேர்ந்ததன்று. பெர்லினிலிருந்து களைத்துத் திரும்பிய விமானங்கள், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியைத் தாழ்ந்த மேகமும் மூடுபனியும் முற்றாக மறைத்திருக்கக் கண்டன. ஓடுதளம் புலப்படாமல், எரிபொருள் தீரும்வரை வட்டமிட்டு, மரங்களிலும் மேடுகளிலும் மோதி அழிந்தவையும், குழுவினர் பாராசூட்டில் குதித்ததால் கைவிடப்பட்டவையும் சேர்ந்து ஏறத்தாழ முப்பது. எதிரியின் வானில் வீழ்ந்த 25 விமானங்களைவிட இது அதிகம். நீரிணைக் குடியேற்றங்களின் பெயர் தாங்கிய 97ஆம் ஸ்குவாட்ரன் அந்த இரவில் எட்டு லங்காஸ்டர்களை இழந்தது. அவற்றுள் பெரும்பாலானவை தம் தளத்துக்கு அருகிலேயே அழிந்தவை.

ஜெர்மானியப் பாதுகாப்பு இந்த மாதங்களில் அடைந்த மாற்றமே இழப்புகளின் முதன்மைக் காரணம். ஹாம்பர்க் தாக்குதலின்போது 'விண்டோ' என்ற பெயரில் வானிலிருந்து தூவப்பட்ட உலோகத்தாள் கீற்றுகள் ஜெர்மானிய ரேடார்களைக் குருடாக்கியிருந்தன. அதற்கு விடையாக, இரவுப் போர் விமானங்களைத் தனித்தனிக் கட்டங்களில் நிறுத்திவைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, தாக்கவரும் விமானங்களின் நீண்ட வரிசைக்குள் அவற்றைக் கலந்துவிடும் புதிய முறையை ஜெர்மானியர் வகுத்தனர்; விண்டோவால் குழம்பாத புதிய ரேடாரையும் விமானங்களில் பொருத்தினர். இவற்றைக் காட்டிலும் கொடியது 'ஷ்ரேகே மூஸிக்' என்று அவர்கள் அழைத்த ஏற்பாடு. போர் விமானத்தின் முதுகில், மேல்நோக்கிச் சாய்வாகப் பொருத்தப்பட்ட இரண்டு பீரங்கிகளே அவை. குண்டு விமானத்துக்கு நேர் கீழே, எந்தத் துப்பாக்கி வீரரின் பார்வைக்கும் எட்டாத இருட்டில், ஓசையின்றி ஒட்டிப் பறந்து, இறக்கையின் எரிபொருள் தொட்டிகளைக் குறிவைத்துச் சில நொடிகள் சுட்டாலே போதும். சுடுபவனின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒளித் தடமும் பெரும்பாலும் இராது. தாக்கப்பட்ட விமானம் திடீரெனத் தீப்பிழம்பாவதை அருகில் பறந்தவர்கள் கண்டார்கள், காரணத்தைக் காணவில்லை. வெடித்தவை உண்மையில் விமானங்களே அல்ல, குழுவினரைக் கலங்கடிக்க ஜெர்மானியர் ஏவும் 'சோளக்கொல்லைப் பொம்மை' வகைப் போலிக் குண்டுகள் என்ற விளக்கம் தளங்களில் பரவி, பயணம் திரும்பியவர்களிடம் அதிகாரிகளாலும் கூறப்பட்டது. அப்படியொரு குண்டு ஜெர்மானியரிடம் இருந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் கண்டவை அனைத்தும் ஏழு ஏழு பேராக எரிந்த தோழர்களே.

ஹை விக்கமில் இருந்த படைத் தலைமையகத்தின் ஆய்வுப் பிரிவில், 1943 ஜூலையில், 19 வயதில் பணியில் சேர்ந்த கணிதவியலர் ஃப்ரீமன் டைசன், பிற்காலத்தில் புகழ்பெற்ற இயற்பியலாளரானவர், இந்தக் காலத்தின் எண்களை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். அனுபவம் கூடக்கூடப் பிழைக்கும் வாய்ப்பும் கூடும் என்பது தளங்களில் ஓயாமல் சொல்லப்பட்ட ஆறுதல். முதல் ஐந்து பயணங்களைத் தாண்டிவிட்டால் போதும் என்று குழுவினர் தம்மைத் தேற்றிக்கொண்டதும் அதனால்தான். டைசன் ஆராய்ந்த எண்களோ, முன்பு ஓரளவு உண்மையாக இருந்த அந்தத் தொடர்பு 1944இல் மறைந்துவிட்டதைக் காட்டின. எச்சரிக்கையும் திறமையும் கைகொடுக்காத ஏதோ ஒரு முறையில் எதிரி கொல்கிறான் என்பதற்கு அதுவே குறிப்பு. ஆனால் மேல்நோக்கிச் சுடும் பீரங்கிகளை நோக்கி அந்தக் குறிப்பை எவரும் பின்தொடரவில்லை. சுட்டுவீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து உயிர்தப்பியோரின் விகிதம் குறித்த எண்கள் இன்னும் வேதனை தருவன: அமெரிக்கப் பகல் விமானங்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிழைத்தனர், பழைய ஹாலிஃபாக்ஸ் குண்டு விமானத்தில் நால்வரில் ஒருவர், எல்லோரும் மிகச் சிறந்ததெனப் போற்றிய லங்காஸ்டரில் நூற்றுக்கு 15 பேர் மட்டுமே. பாராசூட் கட்டிய ஒருவர் குதித்து வெளியேற வேண்டிய அதன் முன்புறக் கதவு 22 அங்குல அகலமே உடையது. ஹாலிஃபாக்ஸின் கதவைவிட இரண்டு அங்குலம் குறைவு. அதை அகலப்படுத்தக் கோரி ஆய்வுப் பிரிவில் டைசனின் சக ஊழியர் நடத்திய நீண்ட போராட்டம் போர் முடியும் தறுவாயில்தான் பலன் கண்டது. அந்தக் குளிர்காலத்தின் தவறுகளுள் மன்னிக்க மிகவும் கடினமானது இதுவே எனலாம். ஏனெனில் மற்றவற்றைப் போல இதற்கு எதிரியின் தந்திரமோ வானிலையோ காரணமன்று, ஓர் உலோகத் தகட்டில் வெட்ட வேண்டியிருந்த துளையின் அளவே காரணம்.

பறக்க இனி இயலாது என்று சொன்னவருக்குப் படை வைத்திருந்த பெயர் 'மன உறுதிக் குறைவு' என்பது. அவ்வாறு குறிக்கப்பட்டவரின் சீருடையிலிருந்து சிறகுச் சின்னம் அகற்றப்பட்டது. தோழர்கள் அறியாதபடி அவசரமாகத் தளத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பலர் பதவி இறக்கப்பட்டனர். இருபது பயணங்களுக்குப் பின் நரம்பு தளர்ந்தவருக்கும் முதல் பயணத்திலேயே மறுத்தவருக்கும் ஒரே சொல் பொருந்துமா என்ற கேள்வியை மருத்துவர்கள் சிலர் எழுப்பினர். இப்படிக் குறிக்கப்பட்டோர் மிகச் சொற்பமே. அந்த எண்ணிக்கையைக் கொண்டு பயம் அரிதாக இருந்தது என்று முடிவு செய்வது பிழையாகும். பயந்தவர்கள் பறந்தார்கள் என்பதே உண்மை.

கீழே இருந்தவர்களின் கணக்கும் இந்த வரலாற்றுக்குள் அடங்கியதே. ஹாம்பர்க்குக்குப் பின் நாஜி அமைச்சர் கெப்பல்ஸின் ஆணைப்படி பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெர்லினை விட்டு வெளியேற்றப்பட்டிருந்ததால் உயிரிழப்பு ஓரளவு குறைந்தது. எஞ்சியோர் நிலவறைகளிலும், விலங்குக் காட்சிச்சாலை அருகிலும் ஃப்ரீட்ரிஷ்ஹைனிலும் ஹும்போல்ட்ஹைனிலும் எழுந்த பிரம்மாண்டமான கான்கிரீட் பீரங்கிக் கோபுரங்களிலும் இரவுகளைக் கழித்தனர். போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்டோருக்கு அந்தப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. எந்த அரசின் கொடுமையிலிருந்து அவர்களை மீட்கப் போர் நடந்ததோ, அதே அரசின் தலைநகரில், மீட்க வந்தவர்களின் குண்டுகளுக்கு அவர்களும் இரையானார்கள். 1944 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் சிசெஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல், ஆயுத ஆலைகளைத் தாக்குவதும் ஒரு நகரத்தையே அழிப்பதும் ஒன்றாகுமா என்று வினவினார். நாஜி ஆட்சியைத் தொடக்கம் முதல் எதிர்த்து, அதற்கு எதிரான ஜெர்மானியத் திருச்சபையினருக்குத் துணைநின்றவர் அவர் என்பதால் அந்தக் குரலை எதிரிக்கு இரங்கும் குரல் என்று தள்ளிவிட இயலவில்லை. இலக்குகள் ராணுவ முக்கியத்துவம் உடையவையே என்று அமைச்சர்கள் திரும்பத் திரும்பக் கூறினர். நகரங்களை அழிப்பதே நோக்கம் என்பதை அரசு மக்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஹாரிஸ் விமான அமைச்சகத்தை வற்புறுத்திவந்தார். செய்வதை மறைக்க விரும்பாத அந்த ஒரு நேர்மையையாவது அவருக்கு மறுக்க முடியாது.

பிப்ரவரி 19 இரவு லைப்சிக் நகருக்குச் சென்ற 823 விமானங்களில் 78 திரும்பவில்லை. அதன்பின் பழைய வகை ஹாலிஃபாக்ஸ்களும் ஜெர்மனிக்கான பயணங்களிலிருந்து விலக்கப்பட்டன. மார்ச் 24 அன்று பெர்லினுக்கு நடந்த கடைசிப் பெருந்தாக்குதலில், வடக்கிலிருந்து மணிக்கு நூறு மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசிய காற்று விமானங்களைத் தெற்கே சிதறடித்தது. காற்றை அளந்து தெரிவிக்கும் பொறுப்பேற்ற நேவிகேட்டர்களில் பலர், தாம் கணித்த எண் நம்ப முடியாத அளவு பெரிதாக இருந்ததால் அதைக் குறைத்து அனுப்பினர். தலைமையகம் அதையும் நம்பாமல் மேலும் குறைத்துப் படைக்கு ஒலிபரப்பியது. குறைத்த எண்ணை நம்பித் திரும்பிய விமானங்கள் ரூர் பகுதியின் பீரங்கிகளுக்கு மேலே போய்ச் சேர்ந்தன. 811இல் 72 வீழ்ந்தன.

ஹாரிஸ் குறித்த ஏப்ரல் 1க்கு இரண்டு நாள் முன்னர், மார்ச் 30 இரவு, 795 விமானங்கள் நியூரம்பர்க்குக்குப் புறப்பட்டன. மறைவு தரும் என எதிர்பார்த்த மேகம் வழியில் இல்லை. பாதி நிலவு ஒளிர்ந்தது. குளிர்ந்த காற்றில் ஒவ்வொரு விமானத்தின் பின்னும் வெண்ணிற நீராவித் தடம் நீண்டது. 250 மைலுக்கும் மேல் வளைவின்றி வகுக்கப்பட்ட நேர்ப்பாதை ஜெர்மானிய இரவு விமானங்கள் கூடும் இடங்களுக்கு அருகே சென்றது. 95 விமானங்கள் திரும்பவில்லை. போர் முழுவதிலும் இப்படை ஓர் இரவில் சந்தித்த மிகப் பெரிய இழப்பு இது. நகரமோ பெரிய சேதமின்றித் தப்பியது; காற்றால் விலகிய பலர் ஷ்வைன்ஃபுர்ட் மீதே குண்டு வீசினர். ஹாலிஃபாக்ஸ் விமானி சிரில் பார்ட்டன், குழுவினர் மூவர் தகவல் குழப்பத்தால் குதித்துவிட, நேவிகேட்டரும் வயர்லெஸ்ஸும் இன்றி இலக்குவரை சென்று, பழுதான விமானத்தை டர்ஹாம் கடற்கரைவரை கொண்டுவந்து இறக்குகையில் மாண்டார். உடனிருந்த மூவரும் பிழைத்தனர். 22 வயதான அவருக்கு இறப்புக்குப்பின் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது.

நவம்பர் முதல் மார்ச் வரை, பெர்லினும் பிற நகரங்களும் சேர்ந்த இந்தப் பெரும்போரில் 1,047 விமானங்கள் காணாமற்போயின. அவற்றுள் பெர்லின் வழியில் மட்டும் போனவை ஏறத்தாழ 500. எண்ணளவில் ஹாரிஸ் மதிப்பிட்ட விலை கொடுக்கப்பட்டுவிட்டது, அதுவும் ஒரே படையால்; அந்த விலைக்கு அவர் வாக்களித்த பொருள் கிடைக்கவில்லை. ஏப்ரல் நடுவில் குண்டுவீச்சுப் படை, நார்மண்டித் தரையிறக்கத்துக்கு ஆயத்தமாகிவந்த நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் கட்டளைக்குக் கீழ் வந்து, பிரான்சின் ரயில் நிலையங்களையும் ராணுவ முகாம்களையும் தாக்கத் தொடங்கியது. பிரான்ஸ் அருகில் இருப்பதாலும் அங்கே எதிர்ப்பு குறைவு என்று கருதப்பட்டதாலும், அங்குச் செல்லும் ஒரு பயணம் முப்பதின் கணக்கில் மூன்றில் ஒரு பங்காகவே எண்ணப்படும் என்று தலைமையகம் அறிவித்தது. பெர்லினின் குளிர்காலத்தைத் தாண்டி, இன்னும் நான்கோ ஐந்தோ என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த எண் ஒரு நாளில் மும்மடங்காயிற்று.

மே 3 இரவு 346 லங்காஸ்டர்கள் பிரான்சின் மையீ ல காம் என்ற இடத்தில் இருந்த ஜெர்மானிய டாங்கிப் படை முகாமைத் தாக்கச் சென்றன. முகாம் அழிக்கப்பட்டது. ஆனால் வானொலி இடையூற்றால் தாக்குமாறு இட்ட உத்தரவு உரிய நேரத்தில் எட்டாமல், ஒளிக்குண்டைச் சுற்றி நிலவொளியில் வட்டமிட்டுக் காத்திருந்த விமானங்களுக்குள் இரவுப் போர் விமானங்கள் புகுந்தன. 42 லங்காஸ்டர்கள் திரும்பவில்லை. நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு அருகிலான அந்த விகிதம் நியூரம்பர்க்கின் விகிதத்தையே ஒத்தது. அதற்குப்பின் மூன்றில் ஒரு பங்கு என்ற விதி திரும்பப் பெறப்பட்டு, பிரான்சுக்குச் சென்ற பயணமும் முழுப் பயணமாகக் கணக்கில் எழுதப்பட்டது.

(தொடரும்)